ஏடா லவ்லேஸ் சீமாட்டியார்

மீஞ்சூரிலிருந்து நாள்தோறும் புகைவண்டியேறிக் கல்லூரிக்கு வரும் மாணவர் ஒருவர், கணிப்பொறிக்குக் கட்டளையிடும் மொழிகளுள் ஒன்றற்கு ஏடா என்னும் பெயர் வந்தது யாங்ஙனம் என்று எம்மை வினவினார். தமிழில் அஃது ஆடவரை அழைக்கும் விளியாதலின் அவருக்கு நகைப்பும் உண்டாயிற்று. அப்பெயர் ஆங்கில மாதரசி ஒருவருடையது.

அவர் 1815-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 10-ஆம் நாள் இலண்டன் மாநகரிற் பிறந்தனர். தந்தையார் பைரன் பிரபு என்னும் பெருங்கவிஞர். மகவு பிறந்து ஏறத்தாழ ஒரு திங்களில் பெற்றோர் பிரிந்தனர். தந்தையின் முகத்தை அப்பெண் பின்னர்க் கண்டதேயில்லை. கவிஞரின் மனப்போக்கு மகளைப் பற்றலாகாது என்று அஞ்சிய தாயார், இளமையிலேயே அவரைக் கணிதத்தில் ஈடுபடுத்தினர். 1829-இல் நோயுற்று நெடுங்காலம் நடக்கவியலாது கிடந்தபோதும் கல்வி நின்றிலது.

1833-இல் சார்லஸ் பாபேஜ் என்பாரின் நட்புக் கிடைத்தது. அவர் சமைக்கத் தொடங்கிய கணக்கிடும் பொறியைப் பலர் வேடிக்கைப் பொருளாக நோக்கினர்; பதினேழாண்டு நிரம்பிய இப்பெண்ணோ அதன் இயல்பை ஆராய்ந்தனர். 1835-இல் திருமணமாயிற்று, மக்கள் மூவர் பிறந்தனர். மனையறத்தினிடையே 1840 முதல் அகஸ்டஸ் டி மார்கனிடம் உயர்கணிதம் பயின்றனர். அவ்வாசிரியர் பிறந்த ஊர் நம் மதுரை என்பதை அறிந்தார் சிலரே.

பாபேஜ் அடுத்துக் கருதிய பகுப்புப்பொறியைப் பற்றி மெனபிரேயா என்னும் இத்தாலியர் 1842-இல் பிரெஞ்சு மொழியில் ஒரு கட்டுரை வரைந்தார். அம்மையார் அதனை ஆங்கிலத்தில் பெயர்த்து, மூலத்தினும் ஏறத்தாழ மும்மடங்கு நீண்ட குறிப்புகளைச் சேர்த்து, 1843-இல் தம் பெயரின் முதலெழுத்துகளை மட்டும் இட்டு வெளிப்படுத்தினர். காஞ்சிப் பட்டுத் தறிகளில் பூவேலைக்குத் துளையிட்ட அட்டைகள் அமைவதை நம்மவர் கண்டிருப்பர். அத்தகைய அட்டைகளே இப்பொறியையும் நடத்தவிருந்தன. எண்ணை மட்டுமன்றி, விதிக்கு உட்பட்ட எப்பொருளையும், இசையையுங்கூட, அது கையாளலாம் என்று அவர் கண்டனர். அதனோடு, எதனை எவ்வாறு செய்தல் வேண்டும் என்று நாம் அறிந்து பணிப்பதையன்றித் தானாக ஒன்றையும் அது தோற்றுவியாது என்றும் வரையறுத்தனர்.

பெர்னூலி எண்களைக் கணிக்கும் முறையை அவர் அட்டவணையாக்கித் தந்தமையால் முதல் நிரலர் என்பர் பலர். பாபேஜ் அதற்கு முன்னரே அத்தகைய நிரல்களை எழுதியுள்ளார் என்று மறுப்பாரும் உளர். எமக்கு அவ்வழக்கினும் பெரிதாகத் தோன்றுவது அவருடைய உறுதியே. அரசின்மேல் தமக்கிருந்த குறைகளைக் கையொப்பமின்றி அந்நூலோடு சேர்க்குமாறு பாபேஜ் வற்புறுத்தியபோது, ஆசானை ஒத்த அவருக்கும் அம்மையார் இணங்கவில்லை.

பகுப்புப்பொறி முற்றுப்பெறவேயில்லை. குதிரைப் பந்தயத்திற் பொருளிழந்த அம்மையார், புற்றுநோயால் வருந்தி, 1852 நவம்பர் 27-இல் தந்தை இறந்த அதே 36-ஆம் வயதில் மறைந்தனர். உயிரோடு காணாத தந்தையின் அருகே ஹக்னல் ஊர்க் கோயிலில் அடக்கம் செய்யப்பெற்றனர்.

ஒரு நூற்றாண்டுக்குப் பின்னர் அமெரிக்கப் படைத்துறைக்கு ஓர் இடர் நேர்ந்தது. கருவிக்கொரு மொழியாக நூற்றுக்கணக்கான கணிமொழிகள் பெருகிச் செலவு மிகுந்தது. 1975-இல் ஒரு குழு கூடிற்று. மொழியை ஆக்கப் புகாமல், அம்மொழி எவ்வெவற்றைச் செய்தல் வேண்டும் என்பதையே முதலில் எழுதிப் பலரிடம் அனுப்பித் திருத்தினர். அவ்வேடுகள் உறுதி ஏறஏற வைக்கோல் மனிதன், மர மனிதன், தகர மனிதன், இரும்பு மனிதன் எனப் பெயர் பெற்று, 1978-இல் எஃகு மனிதனாக முடிந்தன. முன்பிருந்த மொழிகளுள் ஒன்றும் அவ்வேடுகளின் அளவுக்கு நிரம்பவில்லை. எனவே 1977-இல் நான்கு கூட்டத்தாரிடம் புதுமொழி வகுக்கும் பணி தரப்பட்டது. நடுநிலை பிறழாதிருக்க, அவர்கள் யாவர் என்பதை மறைத்து நீலம், சிவப்பு, மஞ்சள், பச்சை என்றே குறித்தனர். 1979-இல் பச்சை வென்றது. அதனை வகுத்தோர் பிரான்சு நாட்டு ஈஷ்பியா தலைமையினர்.

அம்மொழிக்கே ஏடா என்று பெயரிட்டனர். படைத்துறையார் 1997-இல் அதனைக் கட்டாயமாக்குவதைக் கைவிட்டனர். எனினும் போயிங் 777 வானூர்தியிலும் பாரிசு நகரின் ஓட்டுநரில்லாப் பதினான்காம் சுரங்க இருப்புப்பாதையிலும் அஃது இடம்பெற்றது. அதன் இலக்கண ஏட்டுக்கு இட்ட எண் 1815. அதற்கு ஒப்புதல் அளித்த நாள் 1980 டிசம்பர் 10.