டக்ளஸ் நிக்கோல்ஸ்

நிறத்தைக் கண்டு ஒருவரைத் தாழ்வாக எண்ணுவது பெரும்பிழை. அப்பிழையால் நேர்ந்த இகழ்ச்சியைத் தாங்கி, தம் உழைப்பால் உயர்ந்தவர் டக்ளஸ் நிக்கோல்ஸ்.

அவர் ஆஸ்திரேலியத் தொல்குடிகளுள் ஒன்றாகிய யோர்ட்டா யோர்ட்டா குடியில் தோன்றியவர். மர்ரி ஆற்றை அடுத்த கம்மரகஞ்சா என்னும் குடியிருப்பில் 1906ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 9ஆம் நாள் பிறந்தார். அக்காலத்தில் தொல்குடிச் சிறார்களைப் பெற்றோரிடமிருந்து பிரித்துக் கொண்டுபோகும் கொடுமை அரசின் ஆணையால் நிகழ்ந்தது. நிக்கோல்ஸ் சிறுவராக இருந்தபோது அவருடைய தமக்கையையும் அவ்வாறே கொண்டு சென்றனர்.

ஆஸ்திரேலியர் தமக்கே உரிய ஒருவகைக் கால்பந்தாட்டத்தைப் பெரிதும் விரும்புவர். அகன்ற நீள்வட்டத் திடலில் அணிக்குப் பதினெண்மர் நின்று, முட்டை வடிவான பந்தைக் காலால் உதைத்தும் கையால் குத்தியும் ஆடுவர். நிக்கோல்ஸின் உயரம் ஐந்தடி இரண்டங்குலமே. ஆயினும் ஓட்டத்தில் அவர் மானை ஒத்தவர். 1929ஆம் ஆண்டில் வாரக்னபீல் நகரின் ஓட்டப் பந்தயத்தில் அவரே வென்றார்.

1927ஆம் ஆண்டில் அவர் மெல்போர்ன் நகரத்துக் கார்ல்ட்டன் கழகத்தை நாடிச் சென்றார். ஆட்டக்காரர்க்கு உடம்பு பிடித்துவிடும் பணியாளர், கறுத்த உடம்பென்று அவரைத் தொட மறுத்தார். உடன் ஆடியோரும் அவரை ஒதுக்கினர். உள்ளம் நொந்த நிக்கோல்ஸ் அங்கிருந்து நீங்கி, நார்த்கோட் கழகத்திற் சேர்ந்தார். 1929ஆம் ஆண்டில் அக்கழகம் வாகை சூடியது.

1932ஆம் ஆண்டில் ஃபிட்ஸ்ராய் கழகம் அவரை ஏற்றது. அங்கே பெரும்புகழ் பெற்றிருந்த ஹேடன் பண்டன் என்னும் வெள்ளையர், புதிதாய் வந்து தனித்திருந்த நிக்கோல்ஸை அணுகி நட்புப் பூண்டார். அந்நட்பு அவருக்கு ஊக்கம் அளித்தது. 1937 வரை அக்கழகத்திற்காக 54 ஆட்டங்கள் ஆடினார். 1935இல் விக்டோரியா மாநில அணியிலும் இடம் பெற்றார். அச்சிறப்பை எய்திய முதல் தொல்குடியினர் அவரே.

முழங்கால் காயத்தால் ஆட்டத்தை விட்டபின், அவர் சமயப் போதகராகி ஏழை மக்களுக்குத் தொண்டு புரிந்தார்; தொல்குடியினரின் உரிமைக்காக ஊர்தோறும் சென்று பேசினார். அவர்களையும் நாட்டின் மக்கட்கணக்கில் சேர்க்க வேண்டுமென 1967ஆம் ஆண்டில் நடந்த பொதுவாக்கெடுப்பில் நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கு மேற்பட்டோர் இசைந்தனர்.

1972இல் நிக்கோல்ஸ் ‘சர்’ பட்டம் பெற்றார். 1976இல் தென் ஆஸ்திரேலியாவின் ஆளுநராகிச் சில திங்கள் பணியாற்றி, உடல்நலக் குறைவால் விலகினார். 1988ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் நாள் மறைந்த அவரது உடல், பிறந்த மண்ணிலேயே அடக்கம் செய்யப்பெற்றது.

பிறர் தொட மறுத்த ஒருவர் ஒரு மாநிலத்தின் ஆளுநராய் வீற்றிருந்தார். அவர்தம் விடாமுயற்சி போற்றத்தக்கது. தனித்திருந்தவரைத் தேடிச் சென்று தோழமை கொண்ட பண்டனின் பண்பும் மறக்கத்தக்கதன்று.