டைம்ஸ் ஸ்கொயர் வயலா இருந்தப்பவே வாங்கிப் போட்டவர்!

டைம்ஸ் ஸ்கொயரை ரீல்ஸ்ல கண்டிப்பா பார்த்திருப்பீங்க. சுற்றிலும் எல்.இ.டி திரைகள், நடுவில் செல்ஃபி கூட்டம். 1803-ல் அந்தப் பகுதி வெறும் பண்ணை நிலம். அங்கே சுமார் 70 ஏக்கரை 25,000 டாலருக்கு வாங்கிப் போட்டவர் ஜான் ஜேக்கப் ஆஸ்டர்.

1763-ல் ஜெர்மனியின் வால்டோர்ஃபில் பிறந்தவர். அப்பா கறிக்கடைக்காரர். 20 வயதில் விற்பதற்குச் சில புல்லாங்குழல்களோடு அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். அங்கே அவரைத் தூக்கிவிட்டது பீவர் தோல் வியாபாரம். அதில் வந்த லாபம் நிலமாக மாறியது.

அப்போது நியூயார்க் என்றால் மன்ஹாட்டன் தீவின் தெற்கு முனை மட்டும்தான். 1803-ல் சிட்டி ஹால் கட்ட ஆரம்பித்தபோது, முன்பக்கத்துக்குப் பளிங்கு போட்டு, வடக்கே பார்த்த பின்பக்கத்துக்கு விலை குறைந்த கல்லைப் போட்டார்கள். அந்தப் பக்கம் யார் வந்து பார்க்கப்போறாங்க என்ற நினைப்பு! ஆஸ்டர் வாங்கிய பண்ணையோ அங்கிருந்து வடக்கே சுமார் 5 கிலோமீட்டர்.

1811-ல் தீவின் பெரும்பகுதியில் நேர்கோட்டில் தெருக்கள் போடும் திட்டம் வந்தது. 1825-ல் ஈரி கால்வாய் திறந்ததும் வியாபாரம் குவிந்தது. 1800-ல் சுமார் 60,000 ஆக இருந்த மக்கள்தொகை, 1850-ல் 5 லட்சத்தைத் தாண்டியது. வயல்கள் எல்லாம் தெருக்களாயின.

இங்கேதான் ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். விலை ஏறியதும் ஆஸ்டர் எல்லாத்தையும் விற்றுவிடவில்லை. பெரும்பாலும் மனைகளாகப் பிரித்து 21 வருஷக் குத்தகைக்கு விட்டார். வீடு கட்டுவது குத்தகைக்காரர் செலவு, வரியும் அவர் தலையில். தரை வாடகை மட்டும் தவறாமல் ஆஸ்டருக்கு வந்தது. 1837-ல் பொருளாதாரம் சரிந்து பலர் கடன் கட்ட முடியாமல் தவித்தபோது, அடமானத்தில் இருந்த சொத்துகளும் அவர் கைக்கு வந்தன. 1848-ல் இறந்தபோது சொத்து மதிப்பு சுமார் 2 கோடி டாலர். அன்றைய அமெரிக்காவின் நம்பர் ஒன் பணக்காரர்!

இதற்கு இன்னொரு பக்கமும் இருக்கு. குறுகிய காலக் குத்தகை மனையில் யார் நல்ல வீடு கட்டுவார்கள்? பிற்காலத்தில் ஆஸ்டர் குடும்ப நிலங்களில் நெருக்கடியான குடியிருப்புகள் முளைத்தன. காற்றும் வெளிச்சமும் இல்லாத அறைகளில் குடும்பம் குடும்பமாக அடைந்து கிடந்தவர்கள், புதிதாக வந்த ஏழைத் தொழிலாளர்கள். ஆஸ்டரும் ஒருகாலத்தில் அப்படி வந்து இறங்கியவர்தான்.

'இன்னும் அஞ்சே வருஷம், இந்த ஏரியா எங்கேயோ போயிடும்' என்று யாராவது உங்களிடம் பிளாட் விற்க வந்தால், ஆஸ்டரை நினைச்சுக்கோங்க. அந்த வயல் டைம்ஸ் ஸ்கொயர் ஆனதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. காத்திருந்த வருஷங்களில் அவருக்குச் சோறு போட்டது தோல் வியாபாரம். மாசா மாசம் இ.எம்.ஐ கட்டிக்கொண்டு அவ்வளவு காலம் உங்களால் காத்திருக்க முடியுமா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பாருங்க.