பலர் கூடி மூட்டிய அடுப்பு

ஈகை என்றவுடன் பாரியும் குமணனும் நம் நினைவுக்கு வருகின்றனர். வள்ளன்மை என்பது மன்னர்க்கும் செல்வர்க்குமே உரியது என்னும் எண்ணம் நம் நெஞ்சில் வேரூன்றிவிட்டது. அவ்வாறாயின், தமக்கெனப் பொருள் சேர்க்காத இராமலிங்க அடிகளைத் தமிழுலகம் வள்ளலார் என அழைப்பது ஏன்? விடை அவர்தம் வாழ்விலேயே உள்ளது.

கல்வராயன் மலையில் தோன்றும் கோமுகியும் மணிமுக்தாவும் கள்ளக்குறிச்சி வட்டாரத்தை வளப்படுத்தி, வெள்ளாற்றோடு கலந்து, புவனகிரி வழியே சென்று பரங்கிப்பேட்டையருகே கடலை அடைகின்றன. அவ்வாறு பாயும் சமவெளியில், சிதம்பரத்தை அடுத்த மருதூரில், 1823 அக்டோபர் 5ஆம் நாள் இராமையா, சின்னம்மை இணையர்க்கு ஐந்தாம் மகவாகப் பிறந்தார் அடிகள். அந்நாளில் கள்ளக்குறிச்சியும் மருதூரும் தென்னார்க்காடு என்னும் ஒரே மாவட்டத்தில் அடங்கியிருந்தன. குழந்தைப் பருவத்திலேயே தந்தையை இழந்த அவர், சென்னையில் தமையனாரின் ஆதரவில் வளர்ந்தார். பின்னர்ச் சென்னையை நீங்கிக் கருங்குழியில் தங்கினார். 1865இல் சன்மார்க்க சங்கத்தை நிறுவினார்.

பசியே உயிர்களின் பெருந்துயர் என்று கண்ட அவர், பசித்தவர்க்கு நாள்தோறும் உணவளிக்க ஒரு சாலை வேண்டும் என விழைந்தார். அவரிடம் நிலமில்லை, நிதியுமில்லை. பார்வதிபுரம் என்னும் வடலூர் மக்கள் ஒன்றுகூடி ஏறத்தாழ 80 காணி நிலத்தை வழங்கினர். 1867 மே 23ஆம் நாள் சத்திய தருமச்சாலை தொடங்கிற்று. சாதி, சமயம், ஊர் என எதனையும் வினவாது பசித்தோர் அனைவர்க்கும் அங்கே சோறிடப்பட்டது.

நிலம் கிடைத்தால் மட்டும் உலை கொதித்துவிடாது. அரிசி, பருப்பு, விறகு ஆகியன அன்றாடம் வேண்டும். அவற்றை அன்பர்கள் தத்தம் இயல்புக்கேற்ப வழங்கி வந்தனர். 1874 ஜனவரி 30ஆம் நாள் மேட்டுக்குப்பத்துச் சித்திவளாக அறைக்குள் சென்ற அடிகளை அதன்பின் உலகோர் கண்டிலர். இரண்டே ஆண்டுகளில் தாது வருடப் பஞ்சம் சென்னை மாகாணத்தை வாட்டிற்று. நிறுவியவர் மறைந்தும் சாலை மறையவில்லை. அன்று மூட்டிய அடுப்பு இன்றளவும் அணையாது எரிந்து வருவதாகப் போற்றப்படுகிறது.

இங்கு நாம் கருதத்தக்க உண்மை ஒன்றுண்டு. ஒரு செல்வரின் கொடை அவர் மனம் மாறினால் நின்றுவிடும். பலர் சேர்ந்து அளிக்கும் கொடையோ, ஒருவர் விலகினும் மற்றொருவரால் தொடரும். பெறுபவரும் எந்த ஒருவர் முன்னும் தலைகுனிய வேண்டியதில்லை. ஜகாத் வசதி படைத்தோர் மீது கடமை. சதகாவோ ஏழைக்கும் திறந்திருக்கும் வாயில். பிடியரிசி எடுத்து வைத்த நம் பாட்டியரும் இந்நெறியை அறிந்தே இருந்தனர்.

மாணவச் செல்வங்களே! ஒரு வகுப்பில் அறுபதுபேர் நாளொன்றுக்கு ஒரு ரூபாய் ஒதுக்கினால், 200 வேலை நாட்களில் 12,000 ரூபாய் சேரும். கல்வராயன் மலையிலிருந்து இறங்கிவந்து படிக்கும் ஓர் ஏழை மாணவர், பேருந்துக் கட்டணத்திற்கும் நூல்களுக்கும் வழியின்றிப் படிப்பைக் கைவிடாமல் காக்க அத்தொகை உதவும். வழங்கியவர் பெயரை எங்கும் பொறிக்க வேண்டுவதில்லை. மலையின் சிற்றோடைகள் பலவற்றுக்குப் பெயரில்லை; ஆயினும் அவை சேராமல் ஆறு இல்லை.