மரங்களுக்காக வாதாடிய ஓவியர்

தெயோதோர் ரூசோ 1812-இல் பாரிஸ் நகரில் ஒரு தையற்காரரின் மகனாகப் பிறந்தார். மரங்களே அவருடைய கதாநாயகர்கள். பேனாவாலும் கரித்துண்டாலும் அவர் வரைந்த ஓக் மரங்களை உற்று நோக்கினால், ஒவ்வொரு கிளையும் எங்கே முறுக்கிக்கொண்டு திரும்புகிறது என்பதுகூட நமக்குத் தெரிகிறது. வண்ணமில்லையே என்ற குறை நமக்குத் தோன்றுவதே இல்லை. ஆயினும் 1836 முதல் பல ஆண்டுகள் பாரிஸ் கண்காட்சி நடுவர்கள் அவருடைய படங்களைத் தள்ளிவிட்டனர்.

ஃபோந்தேன்புளோ காட்டருகே பார்பிசோன் என்னும் சிற்றூரில் தங்கி வரைந்து வந்தார். முதிய மரங்கள் வெட்டுண்டு வீழ்வதைக் காணப் பொறாமல், 1847-இல் அக்காட்சியையே தீட்டி, 'மாசற்ற குழந்தைகளின் படுகொலை' என்று பெயரிட்டார். ஏரோது மன்னனின் கொடுமையை அறிந்த நமக்கு அப்பெயரே போதும். 1852-இல் மரங்களுக்காக அரசிடம் மன்றாடினார். மறு ஆண்டே 624 ஹெக்டேர் காடு கோடரிக்குத் தப்பியது.

வறுமையில் வாடிய நண்பர் மில்லேயின் படம் ஒன்றை, 1855-இல், யாரோ ஓர் அமெரிக்கர் வாங்குவதாகச் சொல்லித் தாமே இரகசியமாக வாங்கினார். அதுவும் மரத்துக்கு ஒட்டுக் கட்டும் குடியானவனின் படம்! 1867-இல் பார்பிசோனில் ரூசோ கண்மூடியபோது மில்லே அருகில் இருந்தார்.