டோனாவூர் அம்மை

மதுரைக்குத் தெற்கே கப்பலூரையும் திருமங்கலத்தையும் கடந்து செல்லும் நெடுஞ்சாலை, திருநெல்வேலியைத் தாண்டி நாங்குநேரி, வள்ளியூர் எனக் குமரிமுனையை நோக்கி நீள்கிறது. அச்சாலைக்கு மேற்கே, களக்காட்டு மலைத்தொடரின் அடிவாரத்தில் டோனாவூர் என்னும் சிற்றூர் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரேனியஸ் பாதிரியாரின் பணிக்குப் பொருளுதவி செய்த தோனா என்னும் பிரஷ்யப் பிரபுவின் பெயரால் அமைந்த ஊர் அது. அவ்வூரின் பெயரை உலகறியச் செய்தவர் அயர்லாந்தில் பிறந்து, தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்குத் தாயாகி, அங்கேயே மறைந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் ஆவார்.

அவர் 1867ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் வடஅயர்லாந்தின் மில்லைல் என்னும் கடற்கரை ஊரில் பிறந்தார். உடன்பிறந்தார் எழுவருள் மூத்தவர். 1885இல் தந்தை மறைந்தபின் தாய்க்குத் துணையாகத் தம்பி தங்கையரைப் பேணினார். பெல்பாஸ்ட் நகர ஆலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்களிடையே தொண்டாற்றினார். மனைவியையும் மகளையும் இழந்த ராபர்ட் வில்சன் என்னும் முதியவர் 1890இல் அவரைத் தம் மகள்போல் ஏற்றுத் தம் இல்லத்தில் வைத்துக்கொண்டார். ஏமியும் சிலகாலம் அவர் பெயரைத் தம் பெயரோடு இணைத்து எழுதிவந்தார். பிறர் வீட்டில் மகளாவது என்ன என்பதையும், பெற்ற தாயை மறவாமலே மற்றொருவரைத் தந்தையாகக் கொள்ளக்கூடும் என்பதையும் அவர் அவ்வீட்டில் அறிந்துகொண்டார்.

1893இல் சமயப்பணிக்காக அவர் ஜப்பான் சென்றார். உடல்நலக்குறைவால் அங்கிருந்து இலங்கை வந்து, பின் இங்கிலாந்துக்குத் திரும்பினார். 1895இல் இந்தியா வந்தவர், அதன்பின் வாழ்ந்த ஐம்பத்தைந்து ஆண்டுகளில் ஒருமுறையேனும் தாயகம் திரும்பவில்லை. திருநெல்வேலிச் சீமையில் தாமஸ் வாக்கர் பாதிரியாரிடம் தமிழ் பயின்றார். பொன்னம்மாள் முதலிய தமிழ்ப் பெண்கள் சிலருடன் ஊர் ஊராக மாட்டுவண்டியில் சென்று சமயம் பரப்பினார். சேலை உடுத்தினார். அந்நாளில் அவருடைய உள்ளத்தில் இருந்தது ஊர்சுற்றிச் செய்யும் பணி ஒன்றே. ஒரு வீட்டை அமைத்துப் பிள்ளை வளர்க்கும் எண்ணம் அவருக்கு இருந்ததில்லை.

அவ்வெண்ணத்தை மாற்றியவள் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி. பிரீனா என்னும் அச்சிறுமி தந்தையை இழந்தவள். கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடுவதற்காகத் தாயால் ஒப்படைக்கப்பட்டவள். அவள் ஒருமுறை தப்பித் தூத்துக்குடிக்கு நடந்தே சென்று தாயை அடைந்தாள். தெய்வக் குற்றத்துக்கு அஞ்சிய தாய் அவளைத் திருப்பி அனுப்பிவிட்டாள். தப்பியோடிய குற்றத்துக்காக அவளுடைய சிறு கைகளில் சூடு போடப்பட்டது. வெள்ளைக்கார அம்மாள் பிள்ளை பிடிப்பவள் என்று சொல்லி அவளை அச்சுறுத்தியும் வைத்திருந்தனர். ஆயினும் 1901 மார்ச் மாதத்தில் ஒரு மாலை வேளை அவள் மீண்டும் வெளியேறிப் பண்ணைவிளையை அடைந்தாள். அவளைக் கண்டெடுத்த பெண்ணொருத்தி இரவு தன் வீட்டில் வைத்திருந்து, மறுநாள் காலை ஏமியிடம் கொணர்ந்து சேர்த்தாள். பிள்ளை பிடிப்பவள் என்று கேள்விப்பட்ட அந்த அம்மாளையே தேடி வந்த சிறுமி, நேரே சென்று அவர் மடியில் ஏறி அமர்ந்துகொண்டாள்.

மகவேற்பு என்பது தமிழ் மரபுக்குப் புதியதன்று. திருவில்லிபுத்தூர்த் துளசி வனத்தில் கண்டெடுத்த பெண்ணைப் பெரியாழ்வார் மகளாக வளர்த்தார் என்பது வைணவ மரபு. அகப்பாடல்களிலோ பெற்ற நற்றாய்க்கு நிகராக வளர்த்த செவிலித்தாய்க்கும் இடம் உண்டு. ஆனால் கண்டெடுக்கப்பட்ட சிசுவுக்கு முன்னினைவு இல்லை. ஏழு வயதுப் பிள்ளையோ தனக்கென ஒரு தாயையும் ஊரையும் அச்சங்களையும் சுமந்துகொண்டு வருகிறது. அதற்குச் சோறும் துணியும் தந்தால் போதாது. அதன் பழைய வாழ்வைக் கேட்கும் செவியும் வேண்டும். பிரீனா தான் கண்டவற்றையும் பட்டவற்றையும் ஒரு பொம்மையைக் கையில் வைத்து நடித்துக் காட்டினாள் என்பர். அதைக் கண்ட ஏமியால் பிறகு அவளை மட்டுமன்றி, அவளைப் போன்ற ஏனைய சிறுமியரையும் மறக்க இயலவில்லை. பிள்ளைகள் தாயின் காலைக் கட்டிவிடும் என்னும் நாட்டு வழக்கை அவர் தம் வாழ்விலேயே கண்டார். ஊர் ஊராகச் சென்ற கால்கள் டோனாவூரில் ஊன்றின.

அங்கு உருவானதை விடுதி என்றோ அனாதை இல்லம் என்றோ அழைக்க அவர் விரும்பவில்லை. குடும்பம் என்றே கருதினார். அக்குடும்பத்தைக் கட்டிய முதற்பொருள் தமிழ் உறவுச்சொற்களே எனலாம். பிள்ளைகளுக்கு ஏமி அம்மை ஆனார். பணிபுரிந்த தமிழ்ப் பெண்கள் அக்காள் எனப்பட்டனர். அயல்நாட்டிலிருந்து வந்த பெண்கள் சித்தி என்றும், ஆடவர் நெல்லை வழக்கின்படி அண்ணாச்சி என்றும் அழைக்கப்பெற்றனர். துரைசானி என்றும் துரை என்றும் பணிந்து விலகி நின்ற காலத்தில், ஆங்கிலேயப் பெண் ஒருத்தியைத் தமிழ்ப் பிள்ளை சித்தி என்று அழைத்தமை சிறு மாற்றமன்று. பிறந்த நாள் தெரியாத பிள்ளைகள் பலர் இருந்தமையால், அவர்கள் இல்லம் சேர்ந்த நாளே ஆண்டுதோறும் கொண்டாடப்பட்டது. தன்னைப் பிறர் வரவேற்ற நாள் ஒன்று உண்டு என்பது அப்பிள்ளைக்குத் தனிச்சிறப்பைத் தந்தது.

இப்பணியில் இழப்புகளும் பல. 1904 முதல் கைக்குழந்தைகளும் வரத்தொடங்கினர். நோயால் சிலர் மாண்டனர். குழந்தைகளைப் பேணுவதில் தோள்கொடுத்த பொன்னம்மாள் 1915இல் மறைந்தார். அவருடைய வரலாற்றை ஏமியே நூலாக எழுதினார்.

ஏமியின் வாழ்வில் எளிதில் தீர்ப்புச் சொல்ல இயலாத பகுதியும் உண்டு. அவரிடம் அடைக்கலம் புகுந்த சிறுமி ஒருத்தியைக் குடும்பத்தார் கோரி வழக்குத் தொடுத்தனர். அவளை அவர்களிடம் ஒப்படைக்குமாறு 1911இல் தீர்ப்பாயிற்று. ஒப்படைக்கும் நாள் வருமுன் அவள் டோனாவூரிலிருந்து மறைந்தாள்; பின்னர்ச் சீன நாட்டில் அடைக்கலம் பெற்றாள். சிறைத்தண்டனை நேரலாம் என்னும் நிலையிலும் ஏமி மனம் தளரவில்லை. சட்டத்தை மீறிய செயல் என்பாரும், பிள்ளையின் விருப்பத்தை மதித்த செயல் என்பாரும் அன்றும் இருந்தனர். வந்த பிள்ளைகளைக் கிறித்தவராகவே வளர்த்தார் என்னும் குறைகூறலும், ஆடலையும் இசையையும் காத்த ஒரு மரபின் இருண்ட பக்கத்தை மட்டுமே கண்டார் என்னும் குறைகூறலும் புறந்தள்ளத்தக்கன அல்ல. ஆயினும் சிறுமியரைப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை எதிர்த்து, அம்மரபில் வந்த தாய்க்குப் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்தில் போராடினார் என்பதையும், 1947இல் சென்னை மாகாணச் சட்டம் அவ்வழக்கத்தைத் தடைசெய்தது என்பதையும் உடன்வைத்து எண்ணிப்பார்த்தல் வேண்டும். மகவேற்பில் பிள்ளையின் வயதுக்கேற்ப அதன் விருப்பத்தையும் கருத வேண்டும் என்று 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் கூறுகிறது. தன் விருப்பத்தைத் தானே நடந்துவந்து தெரிவித்தவள் பிரீனா.

1918 முதல் ஆண்பிள்ளைகளும் சேர்க்கப்பட்டனர். பரம சுக சாலை என்னும் மருத்துவமனையும் எழுந்தது. 1931இல் ஒரு குழியில் தவறி விழுந்து காலெலும்பு முறிந்த ஏமி, எஞ்சிய இருபதாண்டுகளைப் பெரும்பாலும் தம் அறையிலேயே கழித்தார். அப்போதும் எழுத்து நிற்கவில்லை. கவிதைகளும் உரைநடை நூல்களும் அவ்வறையிலிருந்து வெளிவந்தன. பிள்ளைகள் அவ்வறைக்கு வந்து அவர் கட்டிலருகே அமர்ந்து சென்றனர்.

1951 ஜனவரி 18ஆம் நாள் தம் எண்பத்து மூன்றாம் வயதில் அவர் மறைந்தார். தம் கல்லறைமேல் கல் எதுவும் நாட்டலாகாது என்று முன்னரே சொல்லியிருந்தார். பிள்ளைகள் அச்சொல்லைக் காத்தனர். ஆயினும் மரங்களின் நிழலில் அவர் துயிலும் இடத்தில் பறவைகள் நீர் அருந்தத் தொட்டியொன்றை அமைத்து, அதில் அம்மை என்னும் ஒரு சொல்லைப் பொறித்தனர். அயர்லாந்தில் அவருக்கு இட்ட பெயர் அங்கே இல்லை. மடியேறி வந்த ஒரு சிறுமியில் தொடங்கி, பிள்ளைகள் ஒவ்வொருவராகத் தாமே வழங்கிய பெயர்தான் அங்கே நிலைத்திருக்கிறது.