இதயத்தின் வழியைக் கண்ட இப்னுந் நஃபீஸ்

இதயம் என்றவுடன் இலக்கியம் பயில்வோர்க்கு அன்பும் ஈரமும் நினைவுக்கு வரும். மார்க்கம் பயில்வோர்க்கு ஈமானின் இருப்பிடம் நினைவுக்கு வரும். மருத்துவர்க்கோ அது குருதியை ஓயாது செலுத்தும் தசைக் கருவி. அக்கருவியினுள் குருதி எவ்வழிச் செல்கின்றது என்பதை மாந்தர் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகப் பிழைபடவே அறிந்திருந்தனர். அப்பிழையை எழுத்தில் மறுத்து, உண்மை வழியைக் காட்டியவர் 13ஆம் நூற்றாண்டின் மருத்துவ மேதை இப்னுந் நஃபீஸ் ஆவார். அவர்தம் வாழ்வை எண்ணுங்கால் தனியொருவரின் அறிவு மட்டுமன்று, அவ்வறிவைத் தாங்கி நின்ற பொதுக்கொடையும் நம் கண்முன் விரிகின்றது.

வக்ஃபு வளர்த்த மாணவர்

அலாவுத்தீன் அலீ என்னும் இயற்பெயர் கொண்ட இப்னுந் நஃபீஸ், கி.பி. 1210ஆம் ஆண்டளவில் சிரியாவின் டமாஸ்கஸ் பகுதியில் பிறந்தார். அந்நகரில் சுல்தான் நூருத்தீன் ஸங்கி 1154இல் நிறுவிய நூரி மருத்துவமனை புகழோடு விளங்கியது. நோயாளிக்கு மருந்தளிக்கும் இடமாகவும் மாணவர்க்குப் பாடம் சொல்லும் இடமாகவும் அது ஒருங்கே திகழ்ந்தது. அரசரும் செல்வரும் எழுதிவைத்த நிலங்கள், கடைகள் முதலியவற்றின் வருவாயே இத்தகைய மருத்துவமனைகளைத் தாங்கியது. இதுவே வக்ஃபு என்னும் நிலைத்த அறக்கொடை.

அங்கு அவர்க்கு ஆசிரியராய் வாய்த்தவர் அத்தக்வார் என்னும் பெரும் மருத்துவர். அவர் தம் இல்லத்தையே மருத்துவப் பள்ளியாக்கி, அதன் செலவுக்கெனச் சொத்துகளையும் வக்ஃபு செய்தவர். ஆசிரியரின் இச்செயல் மாணவரின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது போலும். அதன் விளைவைப் பின்னர்க் காண்போம்.

ஆயிரம் ஆண்டுப் பிழை

இதயத்தின் வலக் கீழறைக்கும் இடக் கீழறைக்கும் இடையே ஒரு தடித்த சுவர் உள்ளது. அச்சுவரில் கண்ணுக்குப் புலப்படாத நுண்துளைகள் உண்டு என்றும், அவற்றின் வழியே குருதி வலமிருந்து இடம் செல்கின்றது என்றும் 2ஆம் நூற்றாண்டின் கிரேக்க மருத்துவர் காலென் கூறினார். மருத்துவ உலகின் முடிமன்னரெனப் போற்றப்பெறும் இப்னு சீனாவும் அக்கருத்தைத் தழுவியே எழுதினார். இவ்விரு மேதைகளையும் மறுக்கும் துணிவு எவர்க்கு வரும்?

இப்னுந் நஃபீஸுக்கு வந்தது. இப்னு சீனாவின் ‘கானூன்’ நூலிலுள்ள உடற்கூற்றுப் பகுதிக்கு 1242இல் அவர் விளக்கவுரை இயற்றினார். அப்போது அவர்க்கு வயது முப்பது அளவே. இடைச்சுவரில் புலப்படும் துளையும் இல்லை, புலப்படாத துளையும் இல்லை என அவர் அறுதியிட்டார். வலக் கீழறையினின்று புறப்படும் குருதி, நுரையீரல் தமனி வழியே நுரையீரலை அடைகின்றது. அங்குக் காற்றோடு கலந்து தூய்மையுற்று, நுரையீரல் சிரை வழியே இதயத்தின் இடப்பக்கம் வந்து சேர்கின்றது என்று விளக்கினார். இதயத் தசைக்கு உணவூட்டுவன அத்தசையினூடே ஓடும் நாளங்களே என்றும் எழுதினார். இன்று மாரடைப்பு என்றவுடன் மருத்துவர் ஆராய்வது இந்நாளங்களையே அன்றோ?

உடல் முழுவதும் குருதி சுற்றிவரும் முறையை அவர் சொல்லவில்லை. அதனை 1628இல் இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் ஹார்வி நிறுவினார். ஆயினும் முதல் வாயிலைத் திறந்தவர் என்னும் பெருமை இப்னுந் நஃபீஸையே சாரும்.

கெய்ரோவில் வாழ்வு

பின்னர் எகிப்து சென்ற அவர், அந்நாட்டின் தலைமை மருத்துவராக உயர்ந்தார். ஷாபிஈ மத்ஹபின் சட்ட அறிஞராகவும் விளங்கி, கெய்ரோவின் மஸ்ரூரிய்யா மதரஸாவில் பாடம் நடத்தினார். அவர் எழுத அமர்ந்தால் சீவிய எழுதுகோல்கள் அருகில் வைக்கப்படும். எந்நூலையும் புரட்டாது, நினைவிலிருந்தே வெள்ளமென எழுதிச் செல்வாராம். ஒருமுறை குளியலறையில் நீராடிக்கொண்டிருந்தவர் இடையில் வெளியே வந்து, தாளும் மையும் கேட்டுப் பெற்று, நாடித் துடிப்பைப் பற்றி ஒரு சிறுநூலை எழுதி முடித்த பின்னரே குளியலைத் தொடர்ந்தார் என வரலாற்றாசிரியர் கூறுவர். முந்நூறு தொகுதிகளாகத் திட்டமிட்ட ‘அஷ்ஷாமில்’ என்னும் மருத்துவக் களஞ்சியத்தில் எண்பது தொகுதிகளை அவர் நிறைவு செய்தார்.

அவர்தம் முதுமையில் கெய்ரோவில் ஒரு பெருநிறுவனம் எழுந்தது. சுல்தான் கலாவூன், தளபதியாய் இருந்த நாளில் டமாஸ்கஸில் நோயுற்று, நூரி மருத்துவமனையின் மருந்தால் நலம் பெற்றார். தாம் அரசரானால் அதுபோன்ற ஒன்றைக் கட்டுவதாக நேர்ந்துகொண்டார். அந்நேர்ச்சையின்படி 1284இல் மன்சூரி மருத்துவமனை உருவாயிற்று. ஆண், பெண், செல்வர், வறியர் என்னும் வேறுபாடின்றி அனைவர்க்கும் அங்கு மருத்துவம் கிடைத்தது. காய்ச்சல், கண்நோய், அறுவை மருத்துவம் ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கூடங்கள் இருந்தன. பாடம் நடத்தவும் இடம் ஒதுக்கப்பட்டது. இதன் வக்ஃபு வருவாய் ஆண்டுக்கு ஏறத்தாழ 10 லட்சம் திர்ஹம் என வரலாறு குறிக்கின்றது.

இறுதி நோயில், மருந்தாக மதுவை அருந்துமாறு உடனிருந்த மருத்துவர் சிலர் கூறியபோது, உடலில் மதுவோடு இறைவனைச் சந்திக்க மாட்டேன் என அவர் மறுத்துவிட்டார். 1288 டிசம்பர் 17இல் இறையடி சேர்ந்தார். மணம் புரியாத அப்பெருமகனார், தம் இல்லத்தையும் நூலகம் முழுவதையும் மன்சூரி மருத்துவமனைக்கே எழுதிவைத்தார். ஆசிரியர் காட்டிய வழியில் மாணவரும் நடந்தார்.

மறைந்ததும் வெளிப்பட்டதும்

அவர் ‘கானூன்’ நூலைச் சுருக்கி எழுதிய ‘மூஜஸ்’ நோயாளியின் அருகில் உடனே பயன்படும் நூல். அது பலரால் படியெடுக்கப்பட்டது. உரைகள் பல பெற்றது. யூனானி மாணவர் கைகளில் தலைமுறை தலைமுறையாகத் தவழ்ந்தது. இதயத்தின் வழியைச் சொன்ன விளக்கவுரையையோ ஒரு சிலரே எடுத்தாண்டனர். அது சுவடிகளில் உறங்கிற்று. 1924இல் ஜெர்மனியில் பயின்ற எகிப்திய மருத்துவர் முஹ்யித்தீன் அத்ததாவி, பெர்லின் நூலகச் சுவடியொன்றில் அதனைக் கண்டு தம் ஆய்வேட்டில் வெளிப்படுத்தினார். அறுநூற்று எண்பது ஆண்டுகளுக்குப் பின்னரே உலகம் அவர் பெருமையை உணர்ந்தது.

நமக்கான செய்தி

சிகிச்சைக்கு உதவிய நூல் வாழ்ந்தது. ஆய்வுக்கு உதவிய நூல் மறைந்தது. இவ்வேறுபாடு இன்றும் நம்மிடையே உள்ளது. நோயுற்றோர்க்கு வாரி வழங்கும் நம் கைகள், நோயின் காரணத்தை ஆராய்வோர்க்கு வழங்கத் தயங்குகின்றன. ஆராய்ச்சியின் பயன் உடனே கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதே காரணம்.

அமெரிக்க அரசு 1948இல் தேசிய இதயக் கழகத்தைச் சட்டம் இயற்றி நிறுவியது. அதே ஆண்டில் ஃபிரமிங்ஹாம் என்னும் சிற்றூரில் பொதுப் பணத்தில் தொடங்கிய ஆய்வு, ஆயிரக்கணக்கான மக்களைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்தது. குருதி அழுத்தம், கொழுப்பு, புகைப் பழக்கம் ஆகியன இதய நோய்க்கு இட்டுச்செல்வதை அதுவே உலகுக்கு உணர்த்தியது. பல்லாண்டுகள் பொறுமையோடு கொடுத்த பணமே இவ்வறிவைத் தந்தது. 1953இல் இதய அறுவையில் முதன்முதலாக வெற்றியோடு பயன்பட்ட இதய நுரையீரல் இயந்திரமும், இப்னுந் நஃபீஸ் கூறிய அதே வழியின் பணியைச் சிறிது நேரம் தான் ஏற்றுச் செய்கின்றது.

சமுதாயப் பெரியோர் ஒரு நூலகத்துக்கு, ஓர் ஆய்வு மாணவரின் உதவித்தொகைக்கு எழுதிவைக்கும் சிறு சொத்தும், கொடுத்தவர் மறைந்த பின்னரும் நன்மை சுரக்கும் ஸதகத்துல் ஜாரியாவே ஆகும். மாணவச் செல்வங்களே! பெரியோர் சொல்லை மதித்துக் கற்றுப் பின் அதனையே ஆராய்ந்து மறுக்கும் துணிவை இப்னுந் நஃபீஸிடம் கற்றுக்கொள்ளுங்கள். அத்துணிவுக்குச் சோறும் ஏடும் அளிக்கும் கடமையை மூத்தோராகிய நாம் மேற்கொள்வோமாக!