எழுபதிலும் மாணவர்! இசை மேதை ஹைடன் வாழ்க்கை

1790-ம் ஆண்டு டிசம்பர் மாதம். ஆஸ்திரியா நாட்டின் தலைநகரான வியன்னாவில் 58 வயதுக்காரர் ஒருவர் மூட்டை கட்டிக் கொண்டிருந்தார்.

அவர் போக வேண்டிய ஊர் லண்டன். அதுவரை அவர் கடலைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆங்கிலம் பேசத் தெரியாது. நண்பர்கள் தடுத்தார்கள். இந்த வயதில் இது வேண்டாம், ஊர் தெரியாது, பாஷை தெரியாது என்று எடுத்துச் சொன்னார்கள்.

வீட்டில் இருந்தாலே ஆண்டுக்கு 1,000 புளோரின் ஓய்வூதியம் வரும். உட்கார்ந்து சாப்பிடலாம். ஆனால் அவர் கேட்கவில்லை. வண்டி ஏறிவிட்டார்.

அவர்தான் ஜோசப் ஹைடன். மேல்நாட்டு சங்கீதத்தில் "சிம்பொனி" என்று ஒன்று உண்டு. பல வாத்தியங்கள் ஒன்றுகூடி வாசிக்கும் நீண்ட இசை அது. அதை வளர்த்து ஆளாக்கியவர் என்று உலகம் புகழ்வது இவரைத்தான். 100-க்கு மேற்பட்ட சிம்பொனிகளை எழுதியவர்.

இத்தனை புகழுக்கு உரியவர் எந்தப் பெரிய கல்லூரியிலும் இசை படித்தவர் அல்ல. அவருக்கு யார் ஆசிரியர்? அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

தச்சர் மகன்

ஆஸ்திரியாவில், ஹங்கேரி எல்லைக்குப் பக்கத்தில், ரோராவ் என்ற சிறிய கிராமம் இருக்கிறது. அங்கே 1732-ம் ஆண்டு மார்ச் 31-ந் தேதி ஹைடன் பிறந்தார்.

தகப்பனார் வண்டிச் சக்கரம் செய்யும் தச்சர். தாயார் திருமணத்துக்கு முன் ஒரு பிரபுவின் மாளிகையில் சமையல் வேலை பார்த்தவர்.

தகப்பனாருக்கு இசைக் குறிப்பு படிக்கத் தெரியாது. ஆனால் "ஹார்ப்" என்ற தந்தி வாத்தியத்தைக் கேள்வி ஞானத்தால் வாசிப்பார். மாலையில் வேலை முடிந்ததும் வீட்டில் எல்லோரும் சேர்ந்து பாடுவார்கள். சிறுவனும் கூடப் பாடுவான்.

உறவினர் ஒருவர் பக்கத்து ஊரான ஹைன்பர்க்கில் பள்ளி ஆசிரியராக இருந்தார். சிறுவனின் குரலைக் கேட்டு, நான் இவனுக்குச் சங்கீதம் சொல்லித் தருகிறேன் என்று அழைத்துப் போனார். அப்போது ஹைடனுக்கு ஆறு வயது இருக்கும். அதன் பிறகு தாய் தகப்பனோடு வாழும் பாக்கியம் அவருக்குக் கிடைக்கவே இல்லை.

ஹைன்பர்க்கில் பாட்டும் பிடிலும் கற்றார். சாப்பாட்டைவிட அடிதான் அதிகம் கிடைத்தது. ஆனாலும் அந்த உறவினருக்கு அவர் கடைசி வரை நன்றி பாராட்டினார். அடித்தாலும் கற்றுக் கொடுத்தாரே என்பது அவர் எண்ணம்.

நடுத்தெருவில்

எட்டு வயதில் வியன்னாவுக்கு வந்தார். அங்குள்ள புனித ஸ்டீபன் தேவாலயத்தின் பாடகர் குழுவில் சிறுவர்களும் உண்டு. அதில் அவருக்கு இடம் கிடைத்தது.

நாள் முழுவதும் பாட வேண்டும். ஆனால் பாட்டு எழுதும் இலக்கணத்தை யாரும் முறையாகக் கற்றுத் தரவில்லை. சிறுவன் கையில் கிடைத்த காகிதத்தில் எல்லாம் ஏதாவது எழுதிப் பார்ப்பான். திருத்திச் சொல்ல ஆள் இல்லை.

வயது பதினேழு ஆயிற்று. குரல் உடைந்தது. உடைந்த குரலுக்குத் தேவாலயத்தில் வேலை இல்லை. வெளியே அனுப்பிவிட்டார்கள்.

கையில் காசு இல்லை. தங்க இடம் இல்லை. அவரைப் போலவே ஏழையான ஒரு பாடகர் தம் வீட்டில் இடம் கொடுத்தார். பின்னர் ஒரு பெரிய கட்டடத்தின் உச்சியில், கூரைக்கு அடியில், சின்ன அறை ஒன்றை வாடகைக்குப் பிடித்தார். மழை பெய்தால் ஒழுகும். குளிர்காலத்தில் கணப்பு கிடையாது.

அந்த அறையில் பூச்சி அரித்த பழைய "கிளாவியர்" வாத்தியம் ஒன்று இருந்தது. அதன் முன் உட்கார்ந்துவிட்டால், எந்த அரசனைப் பார்த்தும் தமக்குப் பொறாமை வராது என்று பிற்காலத்தில் அவர் நினைவுகூர்ந்தார்.

தானே குரு, தானே சீடன்

பகலில் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துப் பிழைத்தார். இரவில் தாம் படித்தார். புக்ஸ் என்பவர் எழுதிய இசை இலக்கண நூலை வரி வரியாகப் படித்து, அதில் உள்ள பயிற்சிகளை எல்லாம் தாமே செய்து பார்த்தார். இம்மானுவேல் பாக் என்ற மேதையின் இசைக் குறிப்புகள் கிடைத்தன. முழுவதும் வாசித்து முடிக்கும் வரை கிளாவியரை விட்டு எழுந்திருக்கவில்லை.

அந்தச் சமயம் போர்ப்போரா என்ற இத்தாலிய சங்கீத வித்வான் வியன்னாவில் இருந்தார். வயதானவர். முன்கோபக்காரர். ஹைடன் அவரிடம் போய்ச் சேர்ந்தார். அவருடைய மாணவிகள் பாடும்போது கிளாவியர் வாசிப்பார். மற்ற நேரத்தில் எடுபிடி வேலையும் செய்வார். சம்பளத்துக்குப் பதிலாகக் கிடைத்தது வசவும், பாட்டு எழுதும் நுட்பமும்.

வசவை மறந்தார். நுட்பத்தைப் பிடித்துக் கொண்டார்.

ஒரே ஒரு ரசிகர்

1761-ம் ஆண்டு எஸ்டர்ஹாசி என்ற பெருஞ்செல்வக் குடும்பத்தில் ஹைடனுக்கு வேலை கிடைத்தது. அந்தப் பிரபுவின் வாத்திய கோஷ்டிக்குத் துணைத் தலைவர் பதவி. ஆண்டுச் சம்பளம் 400 புளோரின். ஐந்து ஆண்டுகளில் தலைவர் ஆனார்.

பதவி பெரிது. ஆனால் நிபந்தனைகளைப் பாருங்கள். வேலைக்காரர்களைப் போலச் சீருடை அணிய வேண்டும். காலையிலும் பிற்பகலிலும் வாசலில் காத்திருந்து, இன்று என்ன சங்கீதம் வேண்டும் என்று உத்தரவு கேட்க வேண்டும். எழுதும் இசை எல்லாம் பிரபுவுக்கே சொந்தம். அனுமதி இல்லாமல் வெளியாருக்கு எழுதக்கூடாது.

நிக்கோலஸ் பிரபு சங்கீதப் பைத்தியம். "பாரிட்டன்" என்ற வாத்தியத்தை வாசிப்பார். பெரிய பிடில் போல இருக்கும். முன்பக்கத் தந்திகளை வில்லால் இழைக்க வேண்டும். பின்பக்கத் தந்திகளைக் கட்டை விரலால் மீட்டலாம்.

இந்த வாத்தியத்துக்குப் போதுமான பாட்டு எழுதவில்லை என்று 1765-ல் பிரபு ஹைடனைக் கண்டித்தார். ஹைடன் எழுதத் தொடங்கினார். ஒன்று, இரண்டு அல்ல, 120-க்கு மேல்! பிரபுவின் விரலுக்கு எது எளிதாக வருமோ, எது அழகாகக் கேட்குமோ, அதைப் பார்த்துப் பார்த்து எழுதினார்.

அரண்மனையில் ஹைடனுக்கு ஒரு வசதி இருந்தது. கூடவே ஒரு வாத்திய கோஷ்டி. காலையில் எழுதுவதை அன்றே வாசித்துப் பார்க்கலாம். கேட்பவர் முகம் எங்கே மலர்கிறது, எங்கே வாடுகிறது என்று கவனித்தார். மலர்ந்த இடத்தை வளர்த்தார். வாடிய இடத்தை வெட்டினார். அந்த அரண்மனையே அவருக்குப் பள்ளிக்கூடம் ஆனது.

அணைந்த மெழுகுவர்த்திகள்

பிரபு ஒரு புதிய மாளிகை கட்டினார். ஊரை விட்டு விலகிய இடம். கோடைக்காலத்தில் அங்கே போய்த் தங்குவார். கூடவே வாத்தியக்காரர்களும் போக வேண்டும். ஆனால் பெரும்பாலோர் தங்கள் மனைவி மக்களை அழைத்துப் போக முடியாது.

1772-ம் ஆண்டு. கோடை முடிந்தது. பிரபு கிளம்பவில்லை. வாத்தியக்காரர்கள் வீட்டு நினைவில் வாடினார்கள். பிரபுவிடம் வாய் திறந்து கேட்க யாருக்கும் துணிவில்லை. ஹைடனிடம் முறையிட்டார்கள்.

ஹைடன் ஒரு புதிய சிம்பொனி எழுதினார். அதன் கடைசிப் பகுதியில் வாத்தியக்காரர்கள் ஒவ்வொருவராக வாசிப்பை நிறுத்துவார்கள். முன்னால் இருக்கும் மெழுகுவர்த்தியை அணைப்பார்கள். எழுந்து போய்விடுவார்கள். முடிவில் இரண்டே இரண்டு பிடில் மட்டும் மெல்ல ஒலிக்கும்.

பிரபுவுக்குப் புரிந்தது. மறுநாளே ஊர் திரும்ப உத்தரவு பிறந்தது. அந்தச் சிம்பொனிக்குப் "பிரியாவிடை" என்று பெயர்.

இளையவரிடம் பாடம்

ஹைடனின் புகழ் அரண்மனைச் சுவரைத் தாண்டியது. 1779-ல் புதிய ஒப்பந்தம் வந்தது. வெளியாருக்கும் எழுதலாம் என்ற நிலை ஏற்பட்டது. பாரிஸ் நகரத்துக் கச்சேரிகளுக்காக ஆறு சிம்பொனிகள் எழுதினார். அங்கே வாத்திய கோஷ்டி பெரிது. அதற்கு ஏற்பச் சங்கீதமும் கம்பீரமானது.

இந்தக் காலத்தில்தான் மொசார்ட் நண்பரானார். ஹைடனைவிட 24 வயது இளையவர். இளையவனிடம் என்ன இருக்கிறது என்று ஹைடன் ஒதுங்கவில்லை. உலகில் தாம் அறிந்த இசைப் புலவர்களில் இவரே தலைசிறந்தவர் என்று மொசார்ட்டின் தகப்பனாரிடமே சொன்னார். மொசார்ட் தாம் எழுதிய ஆறு இசைப் படைப்புகளை ஹைடனுக்குக் காணிக்கையாக்கி 1785-ல் வெளியிட்டார். ஒருவர் எழுதியதை மற்றவர் படித்து வளர்ந்தார்.

1790-ல் நிக்கோலஸ் பிரபு காலமானார். அடுத்து வந்தவர் வாத்திய கோஷ்டியைக் கலைத்துவிட்டார். ஹைடனுக்கு ஓய்வூதியம் கிடைத்தது. உடனே லண்டனில் வாழ்ந்த சாலமன் என்ற பிடில் வித்வான் வந்து நின்றார். கச்சேரி நடத்தித் தரும்படி அழைத்தார்.

வழியனுப்பும்போது மொசார்ட் கண்ணீர் விட்டார். அவர்கள் மறுபடி சந்திக்கவில்லை. ஹைடன் லண்டனில் இருந்தபோதே, 1791 டிசம்பரில், மொசார்ட் தமது 35-வது வயதில் இறந்துபோனார்.

டிக்கெட் வாங்கியவர்கள்

1791 புத்தாண்டு தினத்தில் ஹைடன் கடலைக் கடந்தார்.

லண்டன் புதிய உலகம். ரசிகர் ஒரு பிரபு அல்ல. டிக்கெட் வாங்கி வந்த நூற்றுக்கணக்கான பேர். பிடித்தால் ஆரவாரம் செய்வார்கள். பிடிக்காவிட்டால் அடுத்த கச்சேரிக்கு வரமாட்டார்கள். நேரம் கழித்து வருகிறவர்களும் உண்டு.

ஹைடன் கவனித்தார். தம் சிம்பொனியை நிகழ்ச்சியின் இரண்டாம் பாதியில் வைக்கும்படி ஏற்பாடு செய்தார். தாமதமாக வருகிறவர்களும் அதற்குள் வந்து சேர்ந்துவிடுவார்கள் அல்லவா?

1792 மார்ச்சில் ஒரு சிம்பொனி அரங்கேறியது. அதன் இரண்டாம் பகுதி, குழந்தைகூட முணுமுணுக்கக்கூடிய மெட்டு. மெல்ல, இன்னும் மெல்ல ஒலிக்கும். திடீரென்று எல்லா வாத்தியங்களும் சேர்ந்து ஓர் இடி முழக்கம்! சபை துள்ளி எழுந்தது. தூங்குகிறவர்களை எழுப்பவே இப்படிச் செய்தார் என்று கதை கட்டினார்கள். உண்மை வேறு. அப்போது லண்டனில் போட்டிக் கச்சேரி நடந்தது. அதை நடத்தியவர் ஹைடனின் பழைய மாணவர் பிளேயல். புதுமையாக ஏதாவது செய்து சபையை ஈர்க்க வேண்டும் என்பதே ஹைடனின் நோக்கம்.

ஆனால் கைத்தட்டலுக்காக மட்டும் அவர் எழுதவில்லை. நல்ல வரவேற்புப் பெற்ற இன்னொரு சிம்பொனியின் கடைசிப் பகுதி, முதல் பகுதியின் தரத்துக்கு இல்லை என்று அவருக்குப் பட்டது. அதைத் திருத்தி எழுத முடிவு செய்தார். ரசிகர்கள் மகிழ்ந்த பிறகும் தம்மைத் தாமே திருத்திக் கொண்டார்.

கற்பதும் நிற்கவில்லை. காலையில் ஆங்கில இலக்கணப் புத்தகத்தோடு தோப்புக்குள் உலாவப் போவார். பார்த்ததை எல்லாம் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக் கொள்வார். ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலை டாக்டர் பட்டம் கொடுத்தது. பட்டம் வந்தும் படிப்பு முடியவில்லை. "கிளாரினெட்" என்ற ஊதுகுழலை அவர் தம் சிம்பொனியில் முதன்முதலாகச் சேர்த்தபோது வயது 61.

மீண்டும் முதல் வகுப்பு

1791-ல் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் ஹாண்டல் என்ற காலஞ்சென்ற மேதையின் இசை விழா நடந்தது. பாடகர்களும் வாத்தியக்காரர்களுமாக ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள்! ஹைடன் கேட்டார். கண்ணீர் வடித்தார். மறுபடியும் முதல் வகுப்பில் போய் உட்கார்ந்ததுபோல் அவர் உணர்ந்தார் என்று அவர் வரலாற்றை எழுதிய ஒருவர் குறித்திருக்கிறார்.

இங்கிலாந்து மக்கள் தங்கள் மன்னரை வாழ்த்தி ஒன்றாகப் பாடியதையும் கேட்டார். நம் நாட்டுக்கும் இப்படி ஒரு பாட்டு வேண்டும் என்று நினைத்தார். ஆஸ்திரியச் சக்கரவர்த்தியை வாழ்த்தி ஒரு மெட்டு அமைத்தார். அது 1797-ல் அரங்கேறியது. படித்தவர், பாமரர் எல்லோரும் பாடக்கூடிய எளிய மெட்டு. இன்று ஜெர்மனியின் தேசிய கீதம் அந்த மெட்டில்தான் பாடப்படுகிறது. ஹைடனைக் கவர்ந்த அதே இங்கிலாந்து மெட்டுக்கு நம் முத்துசுவாமி தீட்சிதர் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் செய்திருக்கிறார் என்பது நாம் நினைத்து மகிழ வேண்டிய செய்தி.

ஹாண்டலிடம் பெற்ற பாடம் வீணாகவில்லை. உலகம் தோன்றிய கதையை "படைப்பு" என்ற பெரிய இசை நாடகமாக ஹைடன் எழுதினார். 1798-ல் அது அரங்கேறியபோது அவருக்கு வயது 66. ஜெர்மன், ஆங்கிலம் ஆகிய இரண்டு பாஷையிலும் அச்சிட்டார். இரண்டு நாட்டு மக்களும் தங்கள் தாய்மொழியில் பாட வேண்டும் என்பது அவர் விருப்பம்.

1802-ல் அவருக்கு ஒரு கடிதம் வந்தது. வடக்கே, ரூகன் என்ற தீவில் உள்ள சிற்றூர் மக்கள், தாங்களே சேர்ந்து "படைப்பு" நாடகத்தைப் பாடிவிட்டு நன்றி எழுதியிருந்தார்கள். ஹைடன் உருகிப் போனார். கவலையில் களைத்தவர்களுக்குத் தம் இசை சற்று ஓய்வு தரக்கூடும் என்று பதில் எழுதினார்.

கடைசிப் பாடம்

1808 மார்ச் மாதம் வியன்னாவில் "படைப்பு" மறுபடியும் நடந்தது. நடக்க முடியாத ஹைடனை நாற்காலியில் வைத்துத் தூக்கி வந்தார்கள். அவரிடம் பாடம் கேட்ட பீத்தோவன் குனிந்து அவர் கையை முத்தமிட்டார். உலகில் முதல் ஒளி பிறக்கும் கட்டம் வந்தது. சபை ஆரவாரித்தது. ஹைடன் தம் கையை வானத்தை நோக்கி உயர்த்திக் காட்டினார்.

அடுத்த ஆண்டு மே 31-ந் தேதி, தமது 77-வது வயதில், அவர் காலமானார்.

முதுமையில் அவருக்கு ஒரு குறை இருந்ததாகச் சொல்வார்கள். ஊதுகுழல்களைச் சரியாகப் பயன்படுத்தும் வகை இப்போதுதான் விளங்கியது, விளங்கிய வேளையில் உலகை விட்டுப் போக வேண்டியிருக்கிறதே என்பதுதான் அந்தக் குறை. நூறு சிம்பொனி எழுதியவருக்கு இந்த ஏக்கம்!

பிரபுவின் விரலிடம் கற்றார். வாடிய வாத்தியக்காரர்களிடம் கற்றார். இளைய நண்பரிடம் கற்றார். டிக்கெட் வாங்கி வந்த அந்நியரிடம் கற்றார். கேட்பவர்கள் மாற மாற அவர் இசையும் மாறியது, வளர்ந்தது.

வயது ஆகிவிட்டது, இனி என்ன கற்பது என்று எண்ணுகிறவர்கள் 58 வயதில் கப்பல் ஏறிய தச்சர் மகனை ஒருமுறை நினைத்துக் கொள்ளலாம்.